கஞ்சாக் கடைக்கு இடம் பிடிப்பதற்கு முன்: ஒன்ராறியோவில் 150 மீற்றர் கணக்கு

ரொறொன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மூலைக்கடைக்கு நான்கு மாத வாடகையைத் தண்டமாகக் கட்டியவன் நான். கடையும் நன்றாக இருந்தது, வாகனத் தரிப்பிடமும் தாராளம். பஸ் தரிப்பிடம் வாசலிலேயே. ஒரே ஒரு குறை: அதே கட்டடத்தின் மேல்மாடியில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், ஏழெட்டுப் பிள்ளைகள் படிக்கும் ஒரு தனியார் பாடசாலை இருந்தது. பலகையில் ஏதோ 'அக்கடமி' என்று போட்டிருந்தார்கள். நான் அதை ரியூசன் வகுப்பு என்று நினைத்துக்கொண்டு குத்தகையில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பாடசாலைக்கு 150 மீற்றருக்குள் கஞ்சாக் கடைக்கு அனுமதி கிடையாது.

இந்த வேலையில் உரிமம் எடுப்பது கடினம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். என் அனுபவத்தில் உரிமம் என்பது பொறுமையும் பணமும் இருந்தால் முடியும் காரியம். இடம்தான் ஆளைக் கவிழ்க்கும். ஆகவே இந்தக் கட்டுரை பெரும்பாலும் இடத்தைப் பற்றியது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், குறிப்பாக ரொறொன்ரோவில், சட்டப்படியான சில்லறைக் கஞ்சாக் கடை திறக்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். வேறு மாகாணங்களின் விதிகள் வேறு.

1. முதலில் நகரம், பிறகு தெரு

ஒன்ராறியோவில் ஒவ்வொரு நகரசபைக்கும் 2019 ஜனவரி 22 வரை ஒரு கேள்வி விடப்பட்டது: உங்கள் எல்லைக்குள் கஞ்சாக் கடைகள் வேண்டுமா, வேண்டாமா? ரொறொன்ரோ வேண்டும் என்றது. மார்க்கம் வேண்டாம் என்றது. மிசிசாகா முதலில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு 2023 ஏப்ரலில் மனம் மாறியது. வேண்டாம் என்ற நகரம் எப்போது வேண்டுமானாலும் வேண்டும் என்று மாறலாம். வேண்டும் என்று சொன்ன நகரம் திரும்ப மாற முடியாது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், ஸ்காபரோவை ஒட்டிய ஸ்டீல்ஸ் அவெனியூவின் தென்புறம் ரொறொன்ரோ, வடபுறம் மார்க்கம். நம்மவர்கள் நிறையப் பேர் வாழ்வதும் கடை வைத்திருப்பதும் இந்த எல்லையின் இரு பக்கமும்தான். எனக்கு அறிமுகமான ஒருவர் வடபுறத்தில் மலிவாகக் கிடைத்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்து மகிழ்ச்சியோடு சொன்னார். தெருவைக் கடந்தால் சட்டம் மாறிவிடுகிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

கஞ்சாக் கடைகளுக்கு உரிமம் வழங்குவது ஒன்ராறியோ மதுபான, சூதாட்ட ஆணையம். சுருக்கமாக ஏ.ஜி.சி.ஓ. எந்த நகரம் ஒப்புக்கொண்டது, எது மறுத்தது என்ற பட்டியல் அதன் இணையத்தளத்தில் இருக்கிறது. முகவர் சொன்னார், நண்பர் சொன்னார் என்று இருக்காமல் அந்தப் பட்டியலைத் திறந்து நீங்களே பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

2. 150 மீற்றர்

விதி ஒரு வரிதான். பாடசாலையிலிருந்தோ தனியார் பாடசாலையிலிருந்தோ 150 மீற்றருக்குள் கஞ்சாக் கடை இருக்கக்கூடாது. சிக்கல் எங்கே என்றால், எதிலிருந்து அளப்பது என்பதில்.

ஒரு கட்டடத்தில் பாடசாலை மட்டும் இருக்கிறது, அல்லது பாடசாலைதான் அதன் முக்கிய குடியிருப்பாளர் என்றால், பாடசாலைக் காணியின் எல்லைக்கோட்டிலிருந்து அளக்க வேண்டும். கட்டடச் சுவரிலிருந்து அல்ல. ஸ்காபரோவில் பழைய பொதுப் பாடசாலைகளுக்குப் பின்னால் பெரிய மைதானங்கள் உண்டு. வகுப்பறை அரைக் கிலோமீற்றர் தள்ளி இருக்கும், மைதானத்தின் வேலி உங்கள் பிளாசாவின் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் முடியும். வேலிதான் கணக்கு.

பாடசாலை ஒரு பெரிய கட்டடத்தின் ஒரு பகுதியை மட்டும் வாடகைக்கு எடுத்திருந்தால், அது பயன்படுத்தும் பகுதியின் எல்லையிலிருந்து அளக்க வேண்டும். நான் விழுந்த குழி இதுதான்.

தனியார் பாடசாலை என்றால் சீருடையும் பெரிய வாசலும் இருக்கும் என்று எண்ண வேண்டாம். ஒன்ராறியோ கல்விச் சட்டத்தின்படி, பாடசாலை நாளில் காலை 9 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையில், கட்டாயக் கல்வி வயதை எட்டிய ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஆரம்ப அல்லது உயர்நிலைப் பாடங்களைக் கற்பித்தால் அது தனியார் பாடசாலை. ஐந்து பேர் போதும். மாலையிலும் வார இறுதியிலும் மட்டும் நடக்கும் ரியூசன் வகுப்புகள் இதில் சேரா. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பும் பரதநாட்டிய வகுப்பும் சேரா. குழந்தைகள் பராமரிப்பு நிலையம், பூங்கா, நூலகம், கோயில் எதுவும் இந்த 150 மீற்றர் விதிக்குள் வராது. ஆனால் மொண்டசோரி என்று பலகை போட்ட இடத்தில் கவனம் தேவை. சின்னக் குழந்தைகளோடு நிற்காமல் முதலாம், இரண்டாம் வகுப்புகளும் நடத்தினால் அது பராமரிப்பு நிலையம் அல்ல, பாடசாலை.

நான் இப்போது யாருக்கும் சொல்லும் முறை இது.

மாகாணக் கல்வி அமைச்சு தனியார் பாடசாலைகளின் பட்டியலை வெளியிடுகிறது. அதில் உங்கள் அஞ்சல் குறியீட்டின் முதல் மூன்று எழுத்துகளைத் தேடுங்கள். பிறகு பக்கத்துக் குறியீடுகளையும் தேடுங்கள். பொதுப் பாடசாலைச் சபை, கத்தோலிக்கப் பாடசாலைச் சபை, பிரெஞ்சு மொழிச் சபைகள் என எல்லாவற்றின் பட்டியலையும் பாருங்கள். பிரெஞ்சுச் சபையை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம்.

பிறகு நகரசபையின் இணைய வரைபடத்தில் காணி எல்லைக்கோடுகளைத் தெரியும்படி வைத்து அளவுக் கருவியால் நேர்கோட்டில் அளந்து பாருங்கள். நடக்கும் தூரத்தை நம்ப வேண்டாம். 200 மீற்றருக்கு மேல் வந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். 140 முதல் 165 வரை வந்தால் ஒன்று விட்டுவிடுங்கள், அல்லது உரிமம் பெற்ற நில அளவையாளரிடம் கொடுத்து எழுத்தில் வாங்குங்கள். அளவையாளரின் கட்டணம் கையைக் கடிக்கும்தான். வீணாகக் கட்டிய நான்கு மாத வாடகையோடு ஒப்பிட்டால் எனக்கு அது தேநீர்க் காசு.

கடைசியாக, ஒரு செவ்வாயோ புதனோ காலை பத்து மணிக்கு அந்த இடத்துக்குப் போய் ஒரு சுற்று நடங்கள். மாடிப் படிகளில் ஏறுங்கள். பின்பக்கக் கதவுகளைப் பாருங்கள். நான் இடம் பார்த்ததெல்லாம் ஞாயிறு பின்னேரங்களில். பிள்ளைகளின் சத்தம் எப்படிக் கேட்டிருக்கும்?

தனியார் பாடசாலைகள் ஒவ்வோர் ஆண்டும் செப்டெம்பர் 1ஆம் திகதிக்குள், பாடசாலை நடத்தப்போகிறோம் என்று அமைச்சுக்கு அறிவிக்க வேண்டும். ஆகவே யூனில் பார்த்த பட்டியல் ஒக்ரோபரில் பழையது. விண்ணப்பம் போடும் வாரத்தில் இன்னொரு முறை பாருங்கள்.

3. வலய விதி: நகரசபையால் என்ன முடியும், என்ன முடியாது

வலய விதி என்பது எந்தக் காணியை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற நகரசபை விதி. அமெரிக்காவில் கடை வைத்திருக்கும் உறவினர் இருந்தால் அவர் உங்களைக் குழப்புவார். அங்கே பல நகரங்கள் கஞ்சாக் கடைக்கென்றே தனி வலயம் ஒதுக்குகின்றன, தனி அனுமதி கேட்கின்றன. ஒன்ராறியோவில் அப்படி இல்லை. மாகாணச் சட்டம் நகரசபைகளின் கையைக் கட்டிவிட்டது. கஞ்சாக் கடையை மற்றச் சில்லறைக் கடைகளிலிருந்து வேறுபடுத்தி வலய விதி போட அவற்றுக்கு அதிகாரம் இல்லை. தனியாக வணிக உரிமம் கேட்கவும் முடியாது. இரண்டு கஞ்சாக் கடைகளுக்கு இடையில் இவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்றும் மாகாணத்தில் விதி இல்லை. நீங்கள் திறந்த மூன்றாம் மாதம் எதிரே இன்னொருவர் திறக்கலாம். திறக்கிறார்கள்.

அதற்காக வலய விதியே இல்லை என்று நினைக்க வேண்டாம். சப்பாத்துக் கடைக்கு எந்த இடத்தில் அனுமதியோ அந்த இடத்தில்தான் உங்களுக்கும் அனுமதி. ரொறொன்ரோவின் பிரதான வலயச் சட்டம் 569-2013. நகரின் இணைய வரைபடத்தில் முகவரியைப் போட்டால் எழுத்துக் குறியீடு வரும். 'சி.ஆர்.' என்று தொடங்கினால் வணிகமும் குடியிருப்பும் கலந்த வலயம், சில்லறைக் கடைக்கு இடம் உண்டு. 'இ' என்று தொடங்கும் தொழிற்பகுதி வலயம் என்றால் நின்று யோசியுங்கள். அங்கே வாடகை மலிவாக இருப்பதற்குக் காரணம் உண்டு: சில்லறை விற்பனை பல இடங்களில் அனுமதிக்கப்படுவதில்லை, அல்லது கட்டுப்பாட்டோடுதான்.

குறியீட்டின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் 'எக்ஸ்' என்ற எழுத்தும் ஓர் இலக்கமும் இருந்தால், அந்தக் காணிக்கென்று தனி விதிவிலக்கு இருக்கிறது என்று பொருள். அதைத் தேடி வாசியுங்கள். வேறு சில காணிகளுக்கு வரைபடத்தில் குறியீடே வராது. அவை இன்னும் பழைய ஸ்காபரோ நகரசபைக் காலத்துச் சட்டங்களின் கீழ் இருக்கின்றன. அப்படியானால் ஊகிக்க வேண்டாம், நகரசபையின் கட்டடப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள். ஸ்காபரோவுக்கான அலுவலகம் நகர மையக் கட்டடத்தில் இருக்கிறது, முகவரி 150 போரோ டிரைவ். அந்த 150ஐப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இன்னொன்று. முன்பு அலுவலகமாக இருந்த இடத்தைக் கடையாக்கினால் அது பயன்பாட்டு மாற்றம். சுவர் ஒன்றையும் இடிக்காவிட்டாலும் கட்டட அனுமதி தேவைப்படலாம். விண்ணப்பம் முழுமையாக இருந்தால் சிறு கட்டடத்துக்கு 15 வேலை நாள், பெரிய கட்டடத்துக்கு 20 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி. 'முழுமையாக' என்ற சொல்லில்தான் வாரங்கள் கரையும். வெளிப் பலகைக்குத் தனி அனுமதி. முன்பும் சில்லறைக் கடையாக இருந்த இடத்தை எடுத்தால் இதில் பாதி தலைவலி இல்லை. அப்படியான இடத்துக்கு வாடகை சற்றுக் கூடினாலும் நான் அதைத்தான் எடுப்பேன்.

4. நான்கு சுவரும் உங்களுடையதாக இருக்க வேண்டும்

பலசரக்குக் கடையின் ஒரு மூலையைத் தடுத்துக் கஞ்சா விற்கலாம் என்ற யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். கடை சுவர்களால் முழுமையாக மூடப்பட்டிருக்க வேண்டும். இன்னொரு வணிகத்துக்குள்ளால் உங்கள் கடைக்கோ, உங்கள் கடைக்குள்ளால் இன்னொரு வணிகத்துக்கோ போகும் வழி இருக்கக்கூடாது. மூடிய வணிக வளாகத்தின் பொது நடைபாதைக்கு மட்டும் விலக்கு உண்டு. பொருள் இறக்கும் இடத்துக்கும் களஞ்சியத்துக்கும் வாடிக்கையாளரோ அடுத்த கடைக்காரரோ வர முடியக்கூடாது.

பழைய பிளாசாக்களில் இரண்டு மூன்று கடைகளுக்குப் பின்னால் பொதுவான ஓர் ஓடை போன்ற வழி இருக்கும். கழிவறையும் மின்சாரப் பெட்டியும் அங்கேதான். இடம் பார்க்கும்போது பின்கதவைத் திறந்து பாருங்கள். பக்கத்துப் பேக்கரிக்காரர் தன் மின்சாரப் பெட்டிக்குப் போக உங்கள் களஞ்சியத்துக்குள்ளால்தான் வர வேண்டும் என்றால் அந்த இடம் சரிவராது, அல்லது சுவர் கட்ட வேண்டும்.

5. குத்தகை: கையெழுத்துப் போடும் முன்

வாடகை விளம்பரத்தில் சதுர அடிக்கு இவ்வளவு என்று போட்டிருப்பது அடிப்படை வாடகை மட்டும். அதற்கு மேல் டி.எம்.ஐ. என்று சொல்லும் சொத்து வரி, பராமரிப்பு, காப்புறுதிப் பங்கு வரும். எல்லாவற்றுக்கும் மேல் 13 வீத எச்.எஸ்.ரி. என்ற விற்பனை வரி. மூன்றையும் கூட்டி, மாதக் கணக்காக்கி, எட்டு மாதத்துக்கு என்று எட்டால் பெருக்குங்கள். கடை திறக்கும் முன்பு நீங்கள் கட்டக்கூடிய வாடகை அதுதான் என்று மனத்தில் வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

ஒப்பந்தத்தில் நான் முதல் முறை போடாமல் விட்டதும், இரண்டாம் முறை விடாப்பிடியாக நின்று போட்டதும் இவை. ஒன்று, ஆணையம் இந்த இடத்துக்கு அனுமதி மறுத்தால் குத்தகை இரத்தாகும், முற்பணம் திரும்பும் என்ற நிபந்தனை. இரண்டு, அனுமதி வரும் வரை அல்லது குறைந்தது மூன்று மாதத்துக்கு வாடகை இல்லை. மூன்று, பயன்பாடு என்ற பந்தியில் 'சில்லறை விற்பனை' என்று பொதுவாக எழுதாமல் 'உரிமம் பெற்ற கஞ்சாச் சில்லறைக் கடை' என்று வெளிப்படையாக எழுதுவது. நான்கு, என் குத்தகைக் காலத்தில் அதே பிளாசாவில் பாடசாலைக்கோ இன்னொரு கஞ்சாக் கடைக்கோ இடம் கொடுக்கமாட்டேன் என்று உரிமையாளர் தரும் உறுதி. நான்காவதைச் சொன்னபோது கட்டட உரிமையாளர் முகம் சுளித்தார். கடைசியில் பாதி ஒப்புக்கொண்டார்: கஞ்சாக் கடைக்கு இடம் கொடுக்கமாட்டார், பாடசாலைக்கு உறுதி இல்லை.

உரிமையாளர் சரி என்றாலும் அவருக்குக் கடன் கொடுத்த வங்கி சரி என்னாமல் இருக்கலாம். சில அடமானக் கடன் ஒப்பந்தங்களில் கஞ்சா வணிகத்துக்கு இடம் கொடுக்கக்கூடாது என்று இருக்கும். அடுக்குமாடி வீட்டுத் தொகுதியின் கீழ்த்தளக் கடை என்றால் அந்தத் தொகுதியின் விதிகளைச் சொல்லும் பிரகடனப் பத்திரமே தடுக்கலாம். இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வணிகக் குத்தகை பார்த்துப் பழகிய சட்டத்தரணியிடம் போங்கள். வீடு வாங்கும்போது கையெழுத்து வாங்கியவரிடம் அல்ல.

6. விண்ணப்பங்கள், ஆவணங்கள், செலவு

மூன்று தனித்தனி விண்ணப்பங்கள். எல்லாம் ஆணையத்தின் இணையவாசல் வழியாகத்தான்.

நடத்துநர் உரிமம்: உங்களை அல்லது உங்கள் கம்பனியைப் பற்றியது. முதல் முறைக்கு நான் கட்டியது 6,000 டொலர்.

கடை அனுமதி: குறிப்பிட்ட அந்த முகவரிக்கானது. 4,000 டொலர்.

முகாமையாளர் உரிமம்: ஒவ்வொரு கடைக்கும் உரிமம் பெற்ற ஒரு முகாமையாளர் வேண்டும். 750 டொலர். கம்பனி இல்லாமல் தனி உரிமையாளராகவோ பங்காளியாகவோ இருந்து நீங்களே நடத்தினால் இது தேவையில்லை.

ஆக 10,750 டொலர், மறுத்தாலும் திரும்பாது. நடத்துநர் உரிமத்துக்கும் கடை அனுமதிக்கும் ஒரே நேரத்தில் விண்ணப்பிக்கலாம். ஆனால் இடம் இறுதியாகாமல் கடை அனுமதிக்குப் பணம் கட்டுவது வீண். நடத்துநர் உரிமத்தை முதலில் போட்டுவிட்டு, அது நகரும் காலத்தில் இடம் தேடுங்கள். இந்த வரிசையை மாற்றியதுதான் என் முதல் முட்டாள்தனம்.

ஆவணங்களில் ஆளைத் தாமதப்படுத்துவது மூன்று. மாகாண நிதி அமைச்சிடமிருந்து பெற வேண்டிய வரி இணக்கச் சரிபார்ப்பு இலக்கம் ஒன்று. பழைய கம்பனி ஏதாவது பெயரில் எச்.எஸ்.ரி. கணக்குத் தாக்கல் செய்யாமல் கிடந்தால் அது அங்கே வந்து நிற்கும், ஆகவே கணக்காளரிடம் முதலில் போங்கள். அடுத்தது, பங்குதாரர், இயக்குநர் ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தர வேண்டிய சொந்த விபரங்கள். அண்ணன் பெயரில் பத்து வீதம், மைத்துனர் பெயரில் ஐந்து வீதம் என்று பாசத்தில் பங்கு பிரித்திருந்தால் அத்தனை பேரின் பின்னணியும் பார்க்கப்படும். மூன்றாவது, பணம் எங்கிருந்து வந்தது என்பது. சீட்டுப் பிடித்த பணம், உறவினர் கைமாற்றாகத் தந்த பணம் என்று வாயால் சொன்னால் போதாது. வங்கி வழியாக வந்த தடமும், கடன் என்றால் எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தமும் வைத்திருங்கள்.

உரிமமும் அனுமதியும் கைமாறா. ஓடிக்கொண்டிருக்கும் கடையை 'உரிமத்தோடு' விற்கிறேன் என்று யாராவது சொன்னால், அவர் விற்பது தளபாடத்தையும் குத்தகையையும்தான். உங்கள் பெயரில் அனுமதி நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

7. வாசலில் ஒட்டும் அறிவித்தல்

கடை அனுமதி விண்ணப்பம் ஒரு கட்டத்துக்கு வந்ததும் ஆணையம் வாசலில் ஒட்டும்படி ஓர் அறிவித்தல் தரும். இணையத்திலும் போடும். 15 நாட்களுக்கு அந்த நகரத்தில் வாழ்பவர்களும் நகரசபையும் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். பொதுமக்களின் உடல்நலமும் பாதுகாப்பும், இளையோரைக் காப்பது, சட்டவிரோத விற்பனையைத் தடுப்பது ஆகிய மூன்றைப் பற்றிய கருத்துகளைத்தான் ஆணையம் எடுத்துக்கொள்ளும். 'இந்தத் தெருவில் ஏற்கெனவே நான்கு இருக்கிறது' என்பது செல்லாது.

அந்த 15 நாளில்தான் ஊருக்கே தெரியவரும். எங்கள் வீட்டுக்கு மூன்றாம் நாள் அம்மாவின் சிநேகிதி தொலைபேசி எடுத்தார். 'தம்பி மருந்துக்கடை போடுகிறான் என்றுதானே சொன்னீர்கள்?' என்று கேட்டாராம். வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிளாசாவில் மற்றக் கடைக்காரர்களையும் அறிவித்தல் ஒட்டுவதற்கு முந்தைய வாரம் நேரில் போய்ப் பாருங்கள். 19 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கமாட்டோம், கமரா வாசலில் இருக்கும், இரவு 11 மணிக்கு மேல் சட்டப்படி திறந்திருக்க முடியாது என்று சொன்னால் பாதிக் கோபம் அடங்கும். என் விண்ணப்பத்துக்கு ஓர் எதிர்ப்புக் கடிதம் வந்தது. பதில் எழுத எனக்கு வாய்ப்புத் தந்தார்கள். கோபப்படாமல், ஒரு பக்கத்தில், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதினேன்.

8. கதவு திறக்கும் முன்

பரிசோதகர் வரும்போது கமராக்கள் வாசல், காசாளர் மேசை, விற்பனைப் பகுதி, பொருள் இறக்கும் இடம், களஞ்சியம் அனைத்தையும் பார்க்க வேண்டும். பதிவுகள் 30 நாட்களுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மலிவான பதிவுப் பெட்டி 12 நாளில் பழையதை அழித்துவிடும், வாங்கும்போதே கொள்ளளவைக் கேளுங்கள். பணியாளர் எல்லோரும் 'கேன்செல்' என்ற பொறுப்பான கஞ்சா விற்பனைப் பயிற்சி முடித்த சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். தெருவில் போகும் சிறுவருக்குப் பொருட்கள் தெரியக்கூடாது. மாகாணத்தின் அதிகாரபூர்வ முத்திரை வாசலில் தெரிய வேண்டும்.

கஞ்சாவை ஓ.சி.எஸ். என்ற மாகாண மொத்த விற்பனை நிறுவனத்திடம் மட்டுமே வாங்கலாம். அங்கே கணக்குத் திறப்பதை அனுமதி கையில் வந்த பிறகு என்று தள்ளிப்போடாமல், அவர்கள் அனுமதிக்கும் முதல் நாளே தொடங்குங்கள். முதல் சரக்கு வந்து, எண்ணி, கணினியில் ஏற்றி முடிக்க எங்களுக்கு இரண்டு முழு நாள் பிடித்தது. இரண்டாவது இடத்தில் குத்தகை எழுதிய நாளிலிருந்து கதவு திறந்த நாள் வரை ஆறு மாதமும் சில நாட்களும். அதில் மூன்று மாதத்துக்கு வாடகை கட்டவில்லை.

முதல் இடத்தின் மேல்மாடிப் பாடசாலை அடுத்த வருடமே வேறிடத்துக்குப் போய்விட்டது. அந்த மூலைக்கடையில் இப்போது யாரோ கைத்தொலைபேசி திருத்துகிறார்கள்.